நாலரை பஸ் குரூப்

எங்கள் ஊரில் பிளஸ் ஒன் குரூப்புகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர்கள் செல்லாது. காமர்ஸுக்கு ‘நாலரை பஸ்’ என்று பெயர். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப்புக்கு ‘லாஸ்ட் பஸ்’. பத்தாவது முடித்த பெண்ணிடம் என்ன படிக்கப்போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். “எந்த பஸ்ஸும்மா?” என்றுதான் கேட்பார்கள்.

பள்ளிக்கூடம் ஊத்துக்கோட்டையில். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி, திருவள்ளூர் சாலையில் கொஞ்ச தூரம் வந்து, கிளைச் சாலையில் உள்ளே போனால் எங்கள் ஊர். சாயங்காலம் ஊருக்குள் வருகிற பஸ் இரண்டே இரண்டு. ஒன்று நாலரைக்கு. இன்னொன்று நன்றாக இருட்டிய பிறகு, அதுவும் வந்தால் உண்டு. காமர்ஸ் பிள்ளைகளுக்கு மணி அடித்தால் வீடு. சயின்ஸ் பிள்ளைகளுக்கோ மணி அடித்த பிறகுதான் ஸ்பெஷல் கிளாஸ், பிராக்டிகல் எல்லாம். ஷேர் ஆட்டோ கிளைச் சாலை முனையோடு சரி, அதுவும் ஆள் நிரம்பினால்தான் நகரும். ஆகவே எனக்கு முன்னால் படித்த அக்காக்கள் எல்லாரும் கணக்குப் பதிவியல் படித்தார்கள். இதை யாரும் கஷ்டமாக நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல, பெண் பிள்ளை என்றால் நாலரை பஸ்.

எனக்கு வேறு ஆசை வந்ததற்கு ஒரு வெங்காயத் தோல்தான் காரணம். பத்தாவது படிக்கும்போது சயின்ஸ் டீச்சர் எங்களை வரிசையாக மேல் வகுப்பு லேபுக்குக் கூட்டிப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அம்மா தினமும் உரித்துத் தூக்கிப் போடுகிற அதே வெங்காயம். உள்ளே செங்கல் அடுக்கியது மாதிரி அறை அறையாக, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு பொட்டு. சரியாகப் பார்ப்பதற்குள் பின்னால் நின்றவள் தள்ளிவிட்டாள். அந்தக் கண்ணாடியில் யாரும் தள்ளாமல் ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அதற்கு லாஸ்ட் பஸ் குரூப்தான் வழி.

பிளஸ் ஒன் சேர்க்கும் நாளில் நைனா கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சட்டையில் இரும்பு வாசனை. நின்றபடியே கண் சொக்கியது. மேசைக்குப் பின்னால் அந்த வருஷம் புதிதாக வந்திருந்த டீச்சர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன குரூப் வேணும்?”

“நாலரை பஸ்ஸுக்கு எது சரியா வரும் டீச்சர்?” என்றார் நைனா.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “பஸ்ஸுக்குன்னு குரூப் இல்லீங்க. பொண்ணு சயின்ஸ்ல நல்ல மார்க் வாங்கியிருக்கா.”

“வாங்கினா சந்தோசம்தான். ஆனா ஊட்டுக்கு வந்து சேரணுமே.”

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், “அவரு கரெக்டாத்தான் கேக்கறாரு டீச்சர். எனக்கும் அதே பஸ்ஸுதான்” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். “நீ சொல்லும்மா.”

“சயின்ஸ்” என்றேன். பாதிதான் வெளியே வந்தது. நைனா கோபப்படவில்லை. “இத்தக் கேட்டா இவங்கம்மா என்னையே ஊட்டுக்குள்ள விடமாட்டா” என்றார்.

“திங்கட்கிழமை வரைக்கும் சீட்டு வெச்சிருக்கேன். அதுக்குள்ள இவ வீடு வந்து சேர ஒரு வழி பாத்துட்டு வாங்க” என்றார் டீச்சர்.

வீட்டில் சொன்னோம். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “வெங்காயம் பாக்கறதுக்கா இத்தினி பேஜாரு? தோ, கூடையில இருக்குது. குந்து. உரிச்சிகினே பாரு” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிளைச் சாலையில் விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்தால் இருபுறமும் நெல்வயல், நடுவில் நாய்கள்.

எதிர் வீட்டில் அத்தை, நைனாவின் தங்கை, இருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ் தினமும் பொழுது சாய்வதற்குள் அவளைக் கிளைச் சாலை முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊர்ப் பெண்கள் கும்பலாகப் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். அன்றைக்கு டிபன் பாக்ஸைக்கூட வைக்காமல் வந்து பஞ்சாயத்தில் உட்கார்ந்தவள், “எங்க பஸ்ஸு ஊத்துக்கோட்டை மேலதானே வருது?” என்றாள்.

“அது கம்பெனி வண்டி. உன் மாமியார் ஊட்டு வண்டியா, கண்டவங்களை ஏத்திகினு வர?” என்றாள் அம்மா.

“மாமியார் ஊட்டு வண்டின்னா டீசலுக்கும் எங்கிட்டதான் டப்பு கேப்பாங்க அண்ணி.”

மறுநாள் சனிக்கிழமை, அத்தை சொன்னபடி நானும் நைனாவும் சாலை முனையில் காத்து நின்றோம். பஸ் வந்தது. அத்தை இறங்கி, என் கையைப் பிடித்து டிரைவர் பக்கம் இழுத்துப் போனாள். டிரைவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“கார்டு இல்லாதவங்களை ஏத்தினா என் வேல பூடும்க்கா.”

ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எல்லாருக்கும் நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. அதில் ஒரு அக்கா, “யண்ணா, ஆத்தாண்ட தெனம் டீக்கு நிறுத்தறியே, அத்த கம்பெனியா நிறுத்தச் சொல்லிச்சு?” என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு.

டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு நைனாவைப் பார்த்துச் சொன்னார்: “டீ குடிக்கறப்ப நான் டீயைத்தான் பாப்பேன். பஸ்ஸைப் பாக்கற பழக்கம் இல்ல.”

நைனா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தார். திங்கட்கிழமை டீச்சரிடம் போய், “வழி கெடச்சிது. சயின்ஸே போடுங்க” என்றார். பஸ்ஸில் வந்த பெண்கள் அதோடு விடவில்லை. டிரைவருக்குக் கெடுதல் வரக் கூடாது என்று சூப்பர்வைசரிடமே போய் நின்று, காலி சீட்டு இருந்தால் ஏறலாம் என்று வாய் வார்த்தை வாங்கிவிட்டார்கள். சீட்டு காலியாக இல்லாத நாளில் மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்து ஒரு சீட்டைக் காலியாக்கினார்கள்.

அந்த இரண்டு வருஷத்து மாலை நேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மசால் வடையும் கையுறைப் பவுடரும் கலந்த வாசனை வருகிறது. ஆற்றோர டீக்கடையில் ஏறுவேன். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். முழித்திருப்பவர்கள், “வாடி டாக்டரு, இன்னிக்கு யாரை அறுத்த?” என்பார்கள். தவளை என்றால் முகம் சுளிப்பார்கள். செம்பருத்தி என்றால், “அத்த எங்க ஊட்டு வேலியிலேயே அறுத்திருக்கலாமே” என்பார்கள். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால் வடியும்வரை எல்லாரும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு நாள் இதயத்துக்குள் ரத்தம் சுற்றுகிற கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அத்தை, “அப்ப அதுக்கும் மூணு ஷிப்ட்டுதான், லீவே கெடையாது” என்றாள்.

ஜன்னலிலிருந்து டீயைப் பற்றிக் கேட்ட அந்த அக்கா பக்கத்தில்தான் நான் பெரும்பாலும் உட்காருவேன். பக்கத்து ஊர். “நான் நாலரை பஸ்ஸு படிச்சவ” என்று, ஏதோ பட்டம் மாதிரி சொல்லிச் சிரிப்பாள். பத்தாவதில் அவளும் அதே லேபில், அதே வெங்காயத் தோலைப் பார்த்தவள்தானாம்.

“எனக்கு ஒண்ணும் தெரியல தெரியுமா. வெள்ளையா என்னமோ. சரியா குனியறதுக்குள்ள தள்ளிட்டாளுங்க.”

“என்னையும் தள்ளினாங்கக்கா.”

“நீதான் மறுபடி உள்ள போயிட்டியே” என்றவள், “குனியறப்ப எனக்கும் சேத்து இன்னொரு தபா பாத்துட்டு வா” என்றாள்.

பார்த்தேன். இன்றைக்குத் திருவள்ளூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. கண்ணாடியில் ஒரு தரம் பார்த்து எழுதிய பிறகும் இன்னொரு தரம் குனிவேன். சரிபார்க்கிறேன் என்று கூட வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள். சரிபார்ப்பதும்தான்.

எனக்கு அடுத்த வருஷமே அந்த டீக்கடையில் இன்னும் இரண்டு பெண்கள் யூனிபார்மோடு நின்றார்கள். அதற்கடுத்த வருஷம் டிரைவர், “டீ குடிக்கவே எடமில்லையே” என்று அலுத்துக்கொண்டாராம். இப்போது ஆற்றுக்கு மேல் உயரமாகப் பாலம் வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸும் வேறு வழியில் போகிறது. டீக்கடை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பத்தாவது முடித்த எதிர் வீட்டுப் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அத்தையின் பேத்தி. என்ன குரூப் என்று அவளைக் கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவளுடைய அம்மா குரல் கொடுத்தாள்: “கம்பெனி பஸ்ஸுதான் எடுத்திருக்குது.”

“பயோ மேத்ஸ்னு சொல்லும்மா. எதுக்கு எல்லாரும் இந்த குரூப்ப கம்பெனி பஸ்ஸுன்றாங்கன்னே தெரியல” என்று சலித்துக்கொண்டாள் பெண். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

உள்ளே அத்தை சிரிப்பது கேட்டது. நான் ஸ்கூட்டியின் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, டிரைவர் டீ குடித்த கதையிலிருந்து ஆரம்பித்தேன்.