தில்லை அண்ணை போடாத கையெழுத்து

செய்தி வந்தபோது நான் லண்டனில் தோர்ண்டன் ஹீத் தேநீர்க்கடையில் சீனாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலைகளில் அங்கே ஐந்தாறு பேர் கூடுவோம். ஒவ்வொருவரும் யாரும் நியமிக்காத வெளிநாட்டமைச்சர். அன்று ஆபிரிக்கா என்னுடைய இலாகா. சீனா அங்கே போட்ட ரயில்பாதைகளையும் துறைமுகங்களையும் வடைத்தட்டில் சம்பலால் வரைந்து, ஒரு கண்டம் எப்படிக் கைமாறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது மரியாமா சீருடையோடு உள்ளே வந்தார். மரியாமா பஸ் சாரதி. தில்லையம்பலம் அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரர். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு கரையோரப் பட்டினத்திலிருந்து வந்தவர். அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருக்கவேண்டும். கடைக்குள் நிற்கிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

“அங்கிள் போய்விட்டார்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “காலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாராம். நாற்காலியிலேயே.”

வடைத்தட்டில் ஆபிரிக்கா அப்படியே கிடந்தது. அதில் பிழை பிடிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் போய்விட்டார்.

இந்த நினைவு மலருக்கு எழுதச்சொல்லி அண்ணையின் துணைவியார் இராசமலர் அக்கா கேட்டபோது, “அக்கா, எனக்குப் பகிடி இல்லாமல் எழுத வராது,” என்றேன்.

“அவருக்கும் பகிடி இல்லாமல் சோறு இறங்காது. எழுது தம்பி. ஆனா உன்னைப் பற்றி எழுதிப் பக்கத்தை நிரப்பாத.”

முயல்கிறேன். ஆனால் முதல் சம்பவத்திலேயே நான்தான் வருகிறேன், மன்னிக்கவேண்டும்.

அண்ணை துறைமுகப் பொறியியலாளர். இளவயதிலேயே யாழ்ப்பாணத்தை விட்டு ஆபிரிக்காவுக்குப் போய், நாலைந்து துறைமுகங்களில் வெயில் குடித்தவர். பிறகு லண்டன். ஓய்வு பெற்றபின்னும் குரோய்டனில் ஒரு சிறிய அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்தார். வேறு யாரோ வரைந்த துறைமுகச் சுவர் கடலின் அடியைத் தாங்குமா என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்திடுவது அவருடைய வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் கொங்கிறீற் விழாது.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உலக விவகாரம் எழுதுகிறவன். எட்டு வருடத்துக்கு முன்னர் “ஆபிரிக்காவை விழுங்கும் சீன டிராகன்” என்று அரைப்பக்கம் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை, அதுவரை அறிமுகமில்லாத ஒரு மெலிந்த பெரியவர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தார்.

“இதை எழுதினது நீர்தானே?”

“ஓம் ஐயா.”

“நீர் ஒரு துறைமுகத்தைக் கண்ணால கண்டிருக்கிறீரோ?”

“டோவரைக் கண்டிருக்கிறன். லொறிக்குள்ள மரக்கறிப் பெட்டியளுக்குப் பின்னால ஒளிச்சிருந்தபடியால் வடிவாப் பாக்க ஏலாமல் போச்சுது.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். “அப்ப அந்தப் பெட்டியளைப் பற்றி எழுதும். அதை நீர் வடிவாப் பாத்திருப்பீர்,” என்றார். பிறகுதான் சிரித்தார். அன்றுமுதல் எனக்குப் பெயர் ‘பேப்பர்க்காரன்’. அவர் எனக்கு அண்ணை.

சீனாவைப் பற்றி அவருக்கு எங்களுடைய காய்ச்சல் எதுவும் இருந்ததில்லை. எங்கள் கடையில் இரண்டு கட்சி. சீனா வந்து எல்லோரையும் காப்பாற்றும் என்று ஒரு கட்சி, வந்து எல்லோரையும் வாங்கும் என்று ஒரு கட்சி. நான் பத்திரிகையின் தேவையைப் பொறுத்து இரண்டிலும் இருப்பேன். அண்ணை ஆபிரிக்காவில் சீனப் பொறியியலாளர்களோடு ஒரே தகரக் கொட்டிலில் மூன்று மழைக்காலம் கழித்தவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“சீனாக்காரன் பூதமும் இல்லை, தெய்வமும் இல்லை, தம்பி. கொந்தராத்துக்காரன். கேட்டதைக் கட்டித் தருவான். சொன்ன நாளுக்கு முதலே கட்டித் தருவான். கேளாததைக் கட்டமாட்டான். வாயைத் திறந்து கேக்கவேண்டியது வீட்டுக்காரன்.”

“வீட்டுக்காரன் கேக்காட்டி?”

“சமையலறை இல்லாத வீட்டில குடியிருக்கவேண்டியதுதான்.”

இதை நான் என் பத்தியில் என் கருத்தாகவே போட்டு நல்ல பெயர் வாங்கினேன். அண்ணை வாசித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கிறீர், எங்கையோ கேட்டமாதிரிக் கிடக்கு,” என்றதோடு விட்டுவிட்டார்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் குரோய்டன் அலுவலகம் அவருக்கு ஒரு வரைபடம் அனுப்பியது. மேற்கு ஆபிரிக்காவில் ஒரு புதிய துறைமுகம். பணமும் வேலையாட்களும் சீனாவிலிருந்து. அந்த நாட்டு அரசாங்கம் அதே படத்தை ஏற்கெனவே பத்திரிகைகளில் முழுப்பக்கத்துக்குப் போட்டுக் கொண்டாடியிருந்தது, ஆகவே நான் எந்த இரகசியத்தையும் உடைக்கவில்லை. பட்டினத்தின் பெயரை அண்ணை இரண்டு தரம் வாசித்தார். எழும்பி, பின்வளவு வேலியடிக்குப் போனார். அது மரியாமாவின் ஊர்.

“பிள்ளை, உங்கட ஊரில வள்ளங்கள் எங்க கரை ஏறுகிறவை?”

மரியாமா உடுப்புக் காயப்போட்டபடியே வந்து படத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அவருடைய தாயார் அந்தக் கரையில்தான் மீன் வாங்கி, புகைபோட்டு, சந்தைக்கு அனுப்புகிறவர். மூன்று பிள்ளைகளை அந்தப் புகையில் படிப்பித்தவர். படத்தில் அந்த இடம் முழுக்கக் கொள்கலன் முற்றம். பழைய நிலைமை என்ற கட்டத்தில் ‘வெற்றுக் கடற்கரை’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எங்கேயாவது வள்ளம் இழுக்கலாமா என்றால், இரண்டு பக்கமும் பாறை.

“என்ர அம்மா வெற்றுக் கடற்கரையோ?” என்று மரியாமா கேட்டதாக அண்ணை எனக்குச் சொன்னார்.

அண்ணை அலுவலகத்துக்கு எழுதிய பதிலை இன்றைக்கும் அக்கா வைத்திருக்கிறார். “சுவர் நிற்கும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்தபிறகே கையெழுத்து.”

மேலாளர் இளம்பொடியன். தொலைபேசியில் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். உங்களுடைய வேலை சுவர் மட்டும், கடற்கரை அல்ல. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் வேறொருவரிடம் கொடுப்போம், பிறகு உங்களுக்கு வேலை அனுப்புவதும் கடினமாக இருக்கும் என்றார்.

எனக்கு மகா சந்தோசம். “அண்ணை, விடுங்கோ, நான் முன்பக்கத்தில போட்டுச் சீனாவை ஒரு கை பாக்கிறன்.”

“போட்டால் உமக்கு ஒரு தலைப்புக் கிடைக்கும். அந்தத் தாய்க்கு என்ன கிடைக்கும்? பேசாமல் இரும். படம் கீறின சீனப் பொறியியலாளர் இந்தக் கிழமை லண்டனில நிக்கிறார். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறன். நீரும் வாரும்.”

“நான் எதுக்கு அண்ணை?”

“நீர்தானே சீன நிபுணர்.”

திரு. லின் நாற்பது வயதுக்காரர். வாசலில் சப்பாத்தைக் கழற்றி நேராக அடுக்கிவிட்டு, இரண்டு கையாலும் ஒரு தேயிலைப் பெட்டியை அக்காவிடம் நீட்டினார். அக்கா அப்டன் பார்க் வரைக்கும் போய் நண்டும் கணவாயும் வாங்கி வந்து சமைத்திருந்தார். லின் ரசித்துத்தான் சாப்பிட்டார். ஆனால் சாப்பாட்டுக் கோப்பையில் கொஞ்சம் புட்டும் ஒரு துண்டுக் கணவாயும் மிச்சம் விட்டார்.

அக்காவின் முகம் விழுந்தது. “கணவாய் பிடிக்கேல்லைப் போல,” என்று நண்டைக் கொண்டுவந்து போட்டார். லின் நன்றி சொல்லி, நண்டைச் சாப்பிட்டு, ஒரு காலை மிச்சம் விட்டார். அக்கா உள்ளே ஓடி இறால் பொரித்துக்கொண்டு வந்தார். மூன்று இறால் மிச்சம்.

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, நீதானே இவையளைப் பற்றி எல்லாம் எழுதிறனி. ஏன் சாப்பிடுறார் இல்லை?”

வாழ்க்கையில் முதன்முறையாக என்னுடைய சீன நிபுணத்துவம் ஒருவருக்குத் தேவைப்பட்டது. “உறைப்புக் காணாதக்கா,” என்றேன் துணிந்து.

அக்கா தாராளமாக மிளகாய்த்தூள் போட்ட ஒரு குழம்பைக் கொண்டுவந்தார். லின்னுக்கு நெற்றியில் வியர்வை, கண்ணில் நீர். ஆனாலும் மரியாதை விடவில்லை. குடித்தார், அடியில் ஒரு கரண்டி மிச்சம் விட்டார். அக்கா அடுத்த சட்டியை வைக்க எழும்பினார். இப்படியே மூன்றே கால் ஆயிற்று. அண்ணை மட்டும் மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

வாசல்மணி அடித்தது. மரியாமா, ஷிப்ட் முடிந்து.

“இராசமலர், இனிக் காணும்,” என்றார் அண்ணை. “இவரின்ர ஊரில கோப்பையை வழிச்சுத் துடைச்சால் சாப்பாடு போதாதெண்டு அர்த்தம். மிச்சம் விட்டால் வயிறு நிறைஞ்சு போச்சுது எண்டு அர்த்தம். அந்தாள் முதல் கோப்பையிலயே உமக்கு நன்றி சொல்லிப்போட்டார்.”

“இஞ்சேருங்கோ! அப்ப ஏன் இவ்வளவு நேரமும் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் ஓட்டலுக்குப் போயிருப்பார். பிள்ளைக்கு ஷிப்ட் மூண்டு மணிக்குத்தானே முடியும்?”

அக்காவையும் லின்னையும் என்னையும் சட்டி பானையோடு சேர்த்து அண்ணை இரண்டரை மணித்தியாலம் நடத்தியிருக்கிறார்! அண்ணை ஆங்கிலத்தில் விளக்கியபோது லின் மேசையில் கைவைத்துச் சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணாடி கழன்று குழம்பில் விழுந்தது.

மரியாமா கைபேசியில் தாயாரைக் கூப்பிட்டார். அங்கேயும் பின்நேரம், வள்ளங்கள் திரும்பும் நேரம். திரையில் கூச்சல், கொடிகள், நீண்ட மரவள்ளங்களை இழுத்து ஏற்றுகிற ஆட்கள், தலையில் தட்டோடு பெண்கள். நடுவில் மரியாமாவின் தாயார், கையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டார். மரியாமா மொழிபெயர்த்தார்: “ரோட்டுப் போட்டீர்கள், நல்லது. லைட் போட்டீர்கள், நல்லது. துறைமுகமும் கட்டுங்கள், கப்பல் வரட்டும். நான் எங்கே நிற்கிறது?”

நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, வல்லரசு என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன். லின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “ஒரு வள்ளம் எத்தனை மீற்றர் நீளம்? இழுக்கிறதுக்கு எத்தனை பேர்?”

அண்ணை என் காதில் சொன்னார்: “பாத்தீரோ? வீட்டுக்காரி கேட்டாச்சு.”

கோப்பைகளைத் தள்ளிவிட்டு இருவரும் வரைபடத்தை விரித்தார்கள். ஆறு மணிக்கு லின் எழும்பி, “நான் போகிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. “போறன் எண்டு சொல்லக்கூடாது. திரும்ப வாறதெண்டு சொல்லவேணும். ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லச் சொல்லுங்கோ.” லின் சப்பாத்தை மாட்டியபடி ஐந்து தரம் சொல்லிப் பழகினார். ஆறாவது தரம் வல்வெட்டித்துறையில் பிறந்தவர் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணை கையெழுத்திடவில்லை. அலுவலகம் வேலையைத் திருப்பி எடுத்தது. ஆறு வாரம் வேறு வேலையும் வரவில்லை. அண்ணை ரோசாச் செடிகளுக்குக் கத்தரிக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கடையில், “மனுசன் சீனாவோட மோதித் தோத்துப்போனார்,” என்று சொன்னார்கள். நானும் தலையாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாவது வாரம் அந்த மேலாளர் கேக் பெட்டியோடு அண்ணையின் தோர்ண்டன் ஹீத் வீட்டு வாசலில் வந்து நின்றார். சீனாவிலிருந்து புதிய வரைபடம் வந்திருந்தது. கொள்கலன் முற்றம் வடக்கே தள்ளிப் போயிருந்தது. பழைய கரையில் வள்ளம் ஏற ஒரு சரிவு, அலையை மறிக்க ஒரு குட்டை அணை, மீன் புகைபோடக் கூரை. ‘வெற்றுக் கடற்கரை’ என்ற சொல் எடுபட்டுப் போயிருந்தது. கூடவே லின்னின் கடிதம்: இதைச் சரிபார்க்கிறவர் திரு. தில்லையம்பலமாகத்தான் இருக்கவேண்டும், வேறு யாருடைய கையெழுத்தும் எங்களுக்கு வேண்டாம்.

அண்ணை கேக்கைச் சாப்பிட்டார். கணக்கை மூன்று நாள் பார்த்தார். அதன்பிறகுதான் கையெழுத்திட்டார்.

துறைமுகம் திறந்த நாளில் அவர்கள் வீட்டில் எல்லோரும் கைபேசியைச் சுற்றி நின்றோம். பெரிய கப்பல் ஊதியது, அமைச்சர்கள் கை தட்டினார்கள். அது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில் முதல் வள்ளம் அந்தச் சரிவில் ஏறியது. அதன் முகப்பில் சிவப்பும் மஞ்சளுமாக எழுதியிருந்தது: ‘தில்லை அங்கிள், தோர்ண்டன் ஹீத்’. கடிதத்துக்கு விலாசம் எழுதியதுபோல. மரியாமாவின் தாயார் அதற்கு முன்னால் ஆடினார். மரியாமா இங்கே அழுதுகொண்டே ஆடினார். அக்கா ஆடவில்லை என்று சொல்கிறார், நான் கண்டேன்.

அண்ணை திரையைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சரிவு சரியாத்தான் வந்திருக்கு,” என்றார். அவருடைய வெற்றி உரை அவ்வளவுதான்.

இறுதிநாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. மரியாமா தன் ஊர் வழக்கப்படி சிவப்புக்கரை போட்ட கறுப்பு உடையில் அக்காவுக்குப் பக்கத்தில் மகளைப்போல நின்றார். கிரியைகள் முடியும் நேரத்தில் லின் வந்தார். விமானத்தால் இறங்கி நேரே. முன்தலை நரைத்திருந்தது. பெட்டியடியில் மூன்று தரம் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, தெளிவான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்:

“போட்டு வாறன்.”

எங்களுடைய செத்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்த அக்கா இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் ‘சிவ சிவா’ என்றார். சீன நிபுணரான நான் வழக்கம்போலச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தலையை நிமிர்த்தினார். அன்று முழுநாளும் அழுத முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஓம் தம்பி. போட்டு வாங்கோ. அவர் உங்களை வெறுவயித்தோட விடமாட்டார், சாப்பிட வைச்சுத்தான் அனுப்புவார்.”

அதற்குப் பிறகு முறையாவது ஒன்றாவது! மரியாமா சொன்னார். தேநீர்க்கடை வெளிநாட்டமைச்சர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ‘சிவ சிவா’ என்ற பெரியவரும் சொன்னார். கேக் கொண்டுவந்த மேலாளரும் தனக்கு வந்தமாதிரிச் சொல்லிப் பார்த்தார். கடைசியாக நான் போனேன். அண்ணையின் மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டிருக்கும் அதே முகம், யாருடைய ஷிப்டோ முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

போட்டு வாறன் அண்ணை. கோப்பையில் கொஞ்சம் மிச்சம் விட்டிருக்கிறேன். வயிறு நிறைந்துபோயிற்று.