ஊசிக்குப் பிறகு நாலு மணி நேரம்

என் நாத்தனாருக்கு வேலை செய்யும் இடத்தில் ‘ரிட்டர்ன் அக்கா’ என்று பெயர். ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேசை. தைத்து வரும் சட்டைகளை நின்றபடி ஒவ்வொன்றாகப் புரட்டி, தையல் எங்கே தாண்டியிருக்கிறது, பிசிறு எங்கே தொங்குகிறது என்று பார்த்து, பழுதுக்கு நேராகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அரை நூல் கோணினாலும் விட மாட்டார். தையல் மெஷினில் இருக்கும் பெண்களுக்கு வயிற்றெரிச்சல். “இவ்வளவு பாக்குற அக்கா வீட்டுக்காரரை மட்டும் எப்படிப் பாஸ் பண்ணாங்க?” என்று கேலி பேசுவார்கள். நியாயமான கேள்வி. அந்த வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவள் என்பதால் பதில் சொல்லாமல் விடுகிறேன்.

அவர்கள் கீழ்வீடு, நானும் என் கணவரும் மாடி. அண்ணிக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, மூன்று வருடமாக வலி. இடது தொடையிடுக்கில் ஆரம்பித்து, அடி இடுப்பெல்லாம் பரவி, உட்காரும் இடம்வரை போகும். நின்றால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் இன்னும் மோசம். இடுப்பு மூட்டுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று ஒன்றரை வருடத்துக்கு முன்னால் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரம் ஓய்வு. அந்த ஆறு வாரம் வீடே தலைகீழாகிவிட்டது. அண்ணன் சமைத்தார், அதை நாங்கள் சாப்பிடவும் செய்தோம். “வேலை பாக்காம இருக்க வலின்னு சொல்றா” என்று முதுகுக்குப் பின்னால் பேசிய சூப்பர்வைசரே வீடு தேடி வந்து நலம் விசாரித்தார்.

பிறகு தையல் ஆறியது. வலி ஆறவில்லை. ஊன்றுகோலைப் பரணில் போட்டோம், அண்ணியையும் ஏறக்குறைய அங்கேயே போட்டோம். “ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, இன்னும் என்ன அண்ணி?” என்று முதலில் கேட்ட மகராசி யார்? நான்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவளும் நான்தான்.

இந்த வருடம் எடுத்த ஸ்கேனில் பழைய இடத்தில் மறுபடி ஏதோ தெரிந்தது. திரும்ப ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை என்றார் டாக்டர். மூட்டுக்குள் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மருந்து வேலை செய்யும் நாலு மணி நேரத்தில் மாடிப்படி ஏற வேண்டும், உட்கார வேண்டும், வலிக்கிற காரியத்தையெல்லாம் செய்ய வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நன்றாகக் குறைந்தால் குற்றவாளி மூட்டு. குறையாவிட்டால் வேறு இடம்.

ஆண்கள் இருவரும் ஷிப்டுக்குப் போய்விட்டதால் துணைக்கு நான் போனேன். ஊசி போடுவதற்கு முன் தாளில் எட்டு என்று எழுதியிருந்தது. போட்டு அரை மணி கழித்து அண்ணி இரண்டு என்று எழுதினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. படியேறி இறங்கினோம். நீளப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி மறுபடி இரண்டு என்று எழுதினார். அடுத்த தடவை ஒன்று.

அப்போதுதான் கவனித்தேன். அவர் முழுதாக உட்காரவே இல்லை. வலது பக்கமாகச் சாய்ந்து, இடது கையைப் பெஞ்சில் ஊன்றி, பாதி உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். மேலுதட்டில் வேர்வை.

“அண்ணி, வலி குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சிருக்கு.”

“அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?”

“பழக்கம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சட்டையில அரை நூல் கோணினா விடாத ஆளு, உங்க உடம்புக்குப் பொய் எழுதுறீங்களா? யாரை ஏமாத்துறீங்க?” என்றேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். “கத்தாதே. போன தடவை அந்த ஆறு வாரமும் எனக்கு இதே வலிதான். உங்க யாருக்கும் தெரியாது. ஆனா அந்த ஆறு வாரம் யாரும் என்னை நடிக்கிறேன்னு சொல்லல. தையல் இருந்துச்சு, நம்பினீங்க.”

“அதுக்காகத் திரும்ப வெட்டிக்குவீங்களா? அப்பவும் சரியாகலைன்னா?”

“அப்பவும் ஆறு வாரம் கிடைக்கும்ல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பொய்யில் பாதி நான் எழுதியது.

நாலு மணி நேரம் முடிந்து டாக்டர் கூப்பிட்டார். தாளைப் பார்த்தவர் முகம் தெளிந்தது. “நல்லாக் குறைஞ்சிருக்கு. அப்ப மூட்டுதான். திரும்பப் பண்ணிடலாம். உக்காந்து கையெழுத்துப் போடுங்க” என்று படிவத்தை நகர்த்தினார். அண்ணி உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து பேனாவை எடுத்தார்.

“டாக்டர், அதுல இருக்கிற நம்பர் எதுவும் நிஜமில்ல” என்றேன். சொல்லக் கூடாது என்றுதான் உள்ளே போகும்போது நினைத்திருந்தேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியிடம்தான் கேட்டார். “ஊசிக்கு அப்புறம் வலி குறைஞ்சுதா?”

அண்ணி நிமிர்ந்து, “இல்ல” என்றார்.

“கொஞ்சம்கூட?”

“கொஞ்சம்கூட இல்ல.”

டாக்டர் திட்டவில்லை. “அப்படின்னா நான் மூட்டைத் திரும்பத் திறந்தாலும் இதே வலியோடதான் எழுந்திருப்பீங்க, பெரும்பாலும். அடி இடுப்புத் தசை இறுகியிருக்கலாம். அங்க ஓடுற நரம்பு தொந்தரவு பண்ணலாம். அதைப் பாக்குறதுக்குன்னே பிசியோதெரபி பண்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட அனுப்புறேன். மாசக்கணக்காகும். முழுசாப் போயிடும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. யோசிச்சு நீங்கதான் முடிவு சொல்லணும்.”

அண்ணி படிவத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, படிவத்தை அவரே திருப்பித் தள்ளிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் என் பக்கம் திரும்பாமலே பேசினார். “நல்லது பண்ணிட்டதா நினைக்கிற. இருக்கலாம். வீட்ல என்ன சொல்லப்போற?”

“உள்ளதைச் சொல்லுவோம் அண்ணி.”

“உள்ளதைத்தான் மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன்.”

சாயங்காலம் அண்ணன் வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. “ஆபரேஷன் என்னைக்கு?” என்றார்.

“வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார் அண்ணி.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அப்பாடா! அப்ப ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களா? நான் அப்பவே நினைச்சேன்.”

நான் இருக்கிற கோபத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு சொன்னேன். “ஆபரேஷன்தான் இல்லண்ணே. வலி அப்படியே இருக்கு. மூட்டுல இல்ல, அவ்வளவுதான். நானும் இத்தனை நாள் நம்பல. தப்பு.” ஊசி, தாள், பெஞ்ச் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் நம்பரையும் ஏன் எழுதினார் என்பதையும் சொன்னேன். அண்ணி தடுக்கவில்லை.

அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்: “அந்தத் தசை இறுகினது, நரம்பு இழுக்கிறது... அதெல்லாம் ஏதாவது ஸ்கேன்ல தெரியுமா?”

“தெரியாது” என்றார் அண்ணி.

“அப்ப வலி இருக்கா, இல்லையான்னு எப்படித்தான் தெரியும்?”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நான் சொன்னாத்தான் தெரியும்.”