பத்துக் காட்டுச் சாமை

வந்தவருக்கு நல்லதைத்தான் காட்டுவார்கள் மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டுக்காரர்கள். 1943-இல் அந்தப் பெருமையே அவர்கள் வயிற்றில் அடித்தது. சாமை விளைச்சலை அளக்க வந்த அதிகாரியை, ஊரிலேயே செழிப்பாக விளையும் கருப்பண்ணனின் ஓடையோரக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு மூலையை அறுத்து எடைபோட்ட மனிதர், மலை முழுக்க அப்படித்தான் விளையும் என்று எழுதிவிட்டார். யுத்த காலம். கீழே ஊர் ஊராகப் போன சர்க்கார் தானியம் மலைக்கு மட்டும் வரவில்லை. ஆடி மழையில் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த அறுவடைக்கு அருணாசலம் என்ற புது ஆள், கயிறும் தராசுமாக ஏறி வந்தார். கயிறு பிடிக்கச் சின்னுசாமியைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். சின்னுசாமி எழுத்து வாசனை அறியாதவர். ஆனால் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் புரியும்வரை ஆளை விடமாட்டார்.

"அறுபது காட்டையும் அறுக்க நாளில்லைங்க. பத்துப் போதும். எந்தப் பத்துன்னு நீங்களும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது" என்றார் அருணாசலம்.

"அப்புறம் ஆருங்க சொல்றது?"

"ஆரும் சொல்லக்கூடாது. தானா வரணும்."

சின்னுசாமி தலையைச் சொறிந்தார். "பூசை முறைக்குக் கோயில்ல சீட்டுப் போடறமுங்களே, அப்படியாங்க?"

"அதேதாங்க!" அருணாசலம் அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

ஊர்க்கூட்டத்தில் கருப்பண்ணன் குதித்தார். "சொத்தைக் காட்டைக் காட்டினா ஊர் மானம் என்னாவறது?"

"அப்ப சொத்தையா மட்டும் காட்டுவோம், சர்க்கார் தானியம் மூட்டை மூட்டையா வரும்" என்றார் இன்னொருவர்.

"போன வருசம் ஒசத்திச் சொன்ன பொய்யி. இது தாழ்த்திச் சொல்ற பொய்யி" என்றார் சின்னுசாமி. "சாமி எடுத்துக் குடுக்கட்டுமுங்க."

அறுபது காட்டின் பெயரையும் ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். பூசாரி பத்து எடுத்தார். கருப்பண்ணன் காடும் வந்தது. கடைசியாக வந்தது சின்னுசாமியின் மேட்டுக்காடு. பன்றி தின்றது போக அங்கே மிஞ்சியது கொஞ்சம்தான்.

"ஏனுங்க, ஊரே சிரிக்குமுங்க" என்று காதைக் கடித்தார் மனைவி அத்தாயி. "நம்ம கீழ்க்காட்டைக் காட்டிருங்க. அவருக்கென்ன தெரியும்?"

சின்னுசாமிக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்ல பண்ணையக்காரர் என்று பேர் வாங்கியவர் அவர். இருந்தாலும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கே நடந்தார்.

பத்துக் காட்டிலும் ஒரே அளவு இடத்தில் அறுத்த சாமையைக் களத்தில் ஒன்றாகக் கொட்டி, பத்துச் சம குவியலாகப் பிரிக்கச் சொன்னார் அருணாசலம். "இதுல ஒரு குவியல்தாங்க உங்க ஊர்ச் சராசரி."

போன வருடம் எழுதியதில் அது பாதிகூட இல்லை. கருப்பண்ணன் அந்தக் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "என்ர காட்டைப் பார்த்து ஊரையே எடை போட்டுட்டாங்களே" என்றார். மேட்டுக்காட்டைச் சொல்லி யாரும் சின்னுசாமியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆடி பிறக்கும் முன்பே சர்க்கார் தானியம் தலைச்சுமையாக மலையேறியது. தன் பங்கை முறத்தில் புடைத்துக்கொண்டே அத்தாயி கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம வயித்தையே ரொப்பாத மேட்டுக்காடு, ஊருக்கே சோறு போட்டிருச்சுங்க."