ஒடாலிஸின் வகுப்பும் மேல்மாடியும்

ஒடாலிஸ் ரென்டாஸ் பிராங்க்ஸில் நானும் பாடம் நடத்தும் பள்ளியின் நாலாம் வகுப்பு ஆசிரியை. ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள். கீழ்த்தளங்கள் எங்களுடையவை, மேல்மாடியை, அரசுப் பணத்தில் தனியார் நடத்தி, குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஒரு சார்ட்டர் பள்ளிக்கு நகர நிர்வாகம் கொடுத்திருந்தது. ஒடாலிஸுக்கு அடுத்த வகுப்பறையில் இருந்த தோழி சார்லீன், ஒரு கோடை விடுமுறையில் அங்கே வேலைக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து மேலே நாற்காலி நகரும் சத்தம்கூட ஒடாலிஸுக்கு ஆகாது.

மாநிலத் தேர்வு முடிவு வந்தது. மேலே நூற்றுக்கு எண்பது பேர் தேறியிருந்தார்கள். நாங்கள் முப்பதைத் தொடவில்லை. வாசலில் பார்த்த சார்லீன், "அடுத்த வருஷம் ஏறிடும், ஒடாலிஸ். அதே தெருப் பிள்ளைங்கதானே" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

"அதே பிள்ளைங்களா? வீடில்லாதவங்க விடுதியிலேருந்து வர்றது யார்கிட்ட வருது? நடு வருஷத்துல கினியாவிலேருந்து வந்து இறங்குறது யார்கிட்ட? குலுக்கலுக்கு எழுதிப்போடத் தெம்பிருக்கிற அம்மா பெத்தது மட்டும் உங்ககிட்ட."

அத்தனையும் நிஜம்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒடாலிஸ் என்னிடம், "இப்ப அவ முகத்துல களைப்பே இல்ல, கவனிச்சியா?" என்று கேட்டாள்.

பிப்ரவரியில் சார்லீன் நயெலி என்ற சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வந்தாள். பிள்ளை வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறது என்று மேல்மாடிப் பள்ளி அவள் அம்மாவை அடிக்கடி கூப்பிட்டு அனுப்பியதில், அம்மா சலித்துப்போய் அவளை எங்கள் பள்ளிக்கு மாற்றியிருந்தாள்.

"இவ மார்க் யார் கணக்குல?" என்றாள் ஒடாலிஸ்.

"உங்க கணக்குலதான்."

"பாத்தீங்களா, தள்ளிவிடுறது அவங்க, மார்க் நம்ம கணக்குல" என்று ஒடாலிஸ் அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நயெலியை முதல் வரிசையில் வைத்தாள். மேல்மாடிக்குக் காட்டவேண்டும் என்று, பள்ளி திறக்கும் முன்பே வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். நயெலியும் நன்றாகத்தான் கற்றாள். ஆனால் மாலை மணி அடித்ததும் மாடிப்படிக்கு ஓடி சார்லீனைக் கட்டிக்கொள்வாள். சார்லீன் குனிந்து அவள் பின்னலைச் சரிசெய்வாள்.

ஒருநாள் ஒடாலிஸ் நேரே சார்லீனிடம் போய்க் கேட்டாள்.

"வேண்டாம்னு தள்ளிவிட்டுட்டு இது எதுக்குடி?"

"நான் தள்ளல. வச்சுக்கலாம்னு கெஞ்சினேன், எங்க பிரின்சிபால் கேக்கல. அவ அம்மாகிட்ட, ஒடாலிஸ் வகுப்புதான் வேணும்னு கேளுங்கன்னு மட்டும் சொல்லிவிட்டேன்."

ஒடாலிஸ் தன் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மாலை மணி அடிக்கும் முன்பே, "கோட்டு போட்டுக்கிட்டுப் போ, குளிருது" என்று நயெலியை மாடிப்படிக்கு அனுப்பினாள்.

"மிஸ், இன்னும் மணி அடிக்கலையே?"

"போன்னா போ."

மணி அடித்து மற்றப் பிள்ளைகளும் போனதும் என் வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்தாள். "தேர்வு முடியட்டும், அப்புறம் ஒரு நிமிஷம்கூட முன்னாடி விடமாட்டேன்" என்றாள். தேர்வு முடிந்த பிறகும், ஜூனில் பள்ளி மூடும்வரை தினமும் முன்னாடியே விட்டாள். ஆனால் அந்த நேரத்தில் மாடிப்படிப் பக்கம் மட்டும் பார்க்க மாட்டாள்.