சல்ஹா அனுப்பிய பெருநாள் தட்டு

கெர்கன்னா தீவில் குடும்பத்துக்கு ஒரு துண்டு கடல் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் பேரீச்ச மட்டைகளை நட்டு வேலி கட்டி, மீனைக் கூட்டுக்குள் வரவைப்பார்கள். ஃபர்ஜானிக்கும் அப்பன் வழியில் ஒரு வேலி இருந்தது. நீலக்கால் நண்டு வந்த பிறகு அது இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. இந்துமாக்கடலிலிருந்து கால்வாய் வழியாக வந்ததாம் அந்தச் சனியன். கூட்டில் விழுந்த மீனைத் தின்றது, வலையைக் கிழித்தது, விரலையும் விடவில்லை. செய்தியில் அடிபட்ட தீவிரவாதிகளின் பெயரையே மீனவர்கள் அதற்கு வைத்தார்கள். கண்டால் மிதிப்பார்கள். தின்பதென்றால் அவர்களுக்குக் குமட்டும்.

ரமலான் பாதியில் ஃபர்ஜானி மனம் விட்டுப்போனார். வேலியைத் தங்கை புருஷன் தாயிபுக்கு விற்கச் சம்மதித்தார். தாயிப் அங்கே சுற்றுலாப் படகு விடப் போகிறாராம். பெருநாளன்று கைகொடுத்து முடிப்பதாகப் பேச்சு. ஃபர்ஜானியின் மனைவி சல்ஹாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"மீனு வரலன்னா வந்ததப் பிடிய்யா."

"அந்தத் தீவிரவாதியையா? நீயே போய்ப் பிடி!"

பிடித்தாள். அடுப்பு இடுக்கியோடு, நோன்பு வயிற்றோடு, முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கையெல்லாம் கீறல்.

"ஃபர்ஜானி பொண்டாட்டி போருக்குப் போறா டோய்!" என்று கரையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியொரு நெஞ்சழுத்தம் இந்தத் தீவில் வேறு யாருக்கும் இல்லையென்று அடித்துச் சொல்வேன்.

பெருநாள் காலையில் எல்லா வீட்டிலும் உப்பிட்ட மீன்தான். கூடவே வெங்காயமும் உலர்திராட்சையும் எண்ணெயில் சுண்டவிட்ட குழம்பு. தட்டு வீட்டுக்கு வீடு போகும். வந்த தட்டைத் தொடாமல் திருப்பினால் வருடம் முழுக்கப் பகை. சல்ஹா அந்தக் குழம்போடு மீனுக்குப் பதிலாக நண்டை வைத்து அனுப்பினாள். கேலி செய்தவர்கள் வீட்டுக்கு முதலில். மரியாதைக்கு ஒரு வாய் வைத்தவர்கள் ஓட்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கடைசியாக ஃபர்ஜானி முன்னால் தட்டை வைத்தாள். அவர் முகத்தைச் சுளித்தபடி ஒரு காலைக் கடித்தார். பிறகு இன்னொன்றை. அந்நேரம் தாயிப் வந்து அமர்ந்து, தன் பங்குக்கு இரண்டு நண்டை உடைத்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"சரி மச்சான், கை குடு. முடிச்சிருவோம்."

ஃபர்ஜானி கையை நீட்டவில்லை. சட்டியைத்தான் அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னும் ரெண்டு எடுத்துக்க மாப்ள. வேலிய மட்டும் கேக்காத."