சேர்வராயன் குகையும் இவர் விழுங்காத மாத்திரையும்

சேர்வராயன் கோயிலுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி ஞாயிறு. கட்டணமெல்லாம் அன்றைய கணக்கு, நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

போன காரணம் என் வீட்டுக்காரர். இதயக் குழாயில் ஓரிடம் குறுகியிருக்கிறது, தினமும் மாத்திரை தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் ஒரு வாரம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். "குழாயே சுருங்கிக் கெடக்குது. மருந்து எந்தப் பக்கமாப் போவும்?" என்பது இவர் வாதம். எங்கள் மகள் செல்விக்குக் கணக்கில் ஆராய்ச்சி. குறுகின ரத்தக் குழாயில் மருந்து எப்படிப் போகிறது, எங்கே தங்குகிறது என்று சமன்பாடு எழுதுவதுதான் அவள் வேலையே. சொந்த அப்பாவே அதில் ஒரு வரியைக்கூட நம்பவில்லை. வேறு வழி தெரியாமல் நான் சேர்வராயனிடம் வேண்டிக்கொண்டேன்.

சேலத்தில் காலை ஏழு மணிக்கு ஏற்காடு பஸ். முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு ஆறு ரூபாய். அடிவாரத்தில் பஸ் நின்றதும் செல்வி மாத்திரையை நீட்டினாள்.

"சாமி பாக்கற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது கண்ணு. உங்கம்மா வேண்டுதலு" என்றார்.

"விரதம் எனக்குத்தானுங்க. உங்களுக்கு நான் விரதம் எதுவும் வேண்டலீங்களே!" என்றேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் திறக்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து கோயிலுக்கு ஜீப். போக வர நூறு கேட்டவர் எண்பதுக்கு இறங்கினார். மேலே இறங்கி நாலடி நடந்ததும் அந்த டிரைவர், "ஏனுங்க, பெரியவருக்கு மூச்சு வாங்குதுங்களே?" என்றார். செல்வி மறுபடி மாத்திரையை எடுத்தாள். இவர் குகைக்குள் நுழைந்துவிட்டார்.

குகை வாசலில் குனிந்துதான் போக வேண்டும். கொஞ்ச தூரம் ஒரே நெருக்கம், பிறகு சட்டென்று அகலம். அந்த அகலம் தொடங்கும் இடத்தில், சுவரோரமாகப் பூசாரி தீர்த்தச் செம்போடு நின்றார். இவர் வரிசையின் நடுவில் போனார். கூட்டம் இவரை நேரே சாமி முன்னால் தள்ளி, திருப்பி, வெளியிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது. கையில் ஒரு சொட்டு இல்லை. சுவரோரம் ஒதுங்கிய செல்வியையோ அதே கூட்டம் சுற்றிச் சுற்றிப் பூசாரியிடமே சேர்த்தது. இரண்டு தடவை தீர்த்தம்!

"நீ மட்டும் எப்படி வாங்குன?" என்றார் வெளியே வந்து.

"குறுகலத் தாண்டுனதும் நடுவுல இருக்கறது வேகமா ஓடீருமுங்கப்பா. சுவரோரம் இருக்கறது சுத்திச் சுத்தி அங்கயே நிக்கும். ரத்தமும் அப்படித்தான். மருந்து அடைப்பத் தாண்டிப் போறதோட, அந்த ஓரத்துல நொம்ப நேரம் தங்கவும் செய்யும். இதத்தானுங்க நான் எழுதறேன்."

"வாசல் சின்னதுன்னு யாராச்சும் சாமி கும்பிடாமத் திரும்புனாங்களா?" என்று நானும் ஒரு பங்குக்குக் கேட்டுவைத்தேன்.

"எதுக்கும் நானே இன்னொருக்கா பாத்துட்டு வந்தர்றேன்."

போனவர் வரவில்லை. எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் உள்ளேயிருந்து பூசாரி குரல்தான் வந்தது: "ஐயா, நாலு வாட்டி ஊத்தியாச்சுங்க! மத்தவங்களுக்கு வேண்டாமுங்களா?"

குழித்த கையோடு இவர் குனிந்து வெளியே வந்தார். "மாத்திரையக் குடு கண்ணு, சீக்கிரம். தீர்த்தம் ஒழுகுது."

நீங்கள் போனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். குகைக்குள் நெருக்கம் முடிந்ததும் சுவரோரம் ஒதுங்குங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் தடவையே தீர்த்தம் கொடுத்திருந்தால் இவர் மாத்திரை போட்டிருக்கவே மாட்டார். அது தெரிந்துதான் சேர்வராயன் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.