மார்லிஸ் கேட்ட எஞ்சின்

மார்லிஸ் வாந்திராசெக்கை நான் முதலில் பார்த்தது அயோவாவில் ஒரு சனிக்கிழமை மாலை, பந்தயத் தடத்தின் வேலியோரம். வளைவில் திரும்பிய கார் ஒன்று என் சட்டையில் ஒரு கை களிமண்ணை அறைந்துவிட்டுப் போனது. ஓட்டம் முடிந்ததும் அதை ஓட்டியவர் தேடி வந்தார். ஐம்பது வயதுப் பெண்.

"வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நாலாவது வளைவுல நிக்கிறியே, யாரு பெத்த புள்ள நீ?"

"நானும் கரிசல்காட்டுக்காரன்தாங்க. மண்ணு எனக்குப் புதுசில்ல."

"அப்ப உள்ள வா. வண்டியக் காட்டுறேன்."

ஊரிலேயே முதல் பட்டதாரி என்ற மிதப்போடு அறுவடை இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். நான் வரைந்து தரும் பாகங்களை வெல்டிங் செய்பவர் அவர்தான் என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

முன்சக்கரங்கள் திறந்தே கிடக்கும் மண்தடக் கார் அவருடையது. எஞ்சின் பழைய லாரியிலிருந்து எடுத்தது. பின்சக்கரம் மண்ணைக் கடிக்கையில் வண்டி துள்ளாமலிருக்க, கழித்துப்போட்ட ரப்பரை வெட்டி அடுக்கியிருந்தார். யார் குனிந்து பார்த்தாலும் தடுக்க மாட்டார். "பாத்துக்கோ, காசா பணமா?"

அந்த வருடம்தான் மார்லிஸுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் டுவெய்ன் கொபெக்கி நாற்பதாயிரம் டாலருக்கு எஞ்சின் செய்வித்துக் கொண்டுவந்தார். வாராவாரம் வென்றார். ஈடுகொடுக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக வண்டியை விற்றார்கள். இப்படியே குறைந்தால் அடுத்த வருடம் இந்த வகைக் கார்களுக்கான பிரிவே கிடையாது என்றது பந்தயத்தை நடத்தும் ஊர்க் கண்காட்சிக் குழு. மார்லிஸுக்கு வேறு பிரிவில் ஓட்ட வசதியில்லை.

விதிகளில் பழைய விதி ஒன்று உண்டு. வென்றவரின் எஞ்சினைப் பின்னால் வந்த யாரும், காரைவிட்டு இறங்காமல், ஆயிரம் டாலர் ரொக்கம் நீட்டிக் கேட்கலாம். மறுத்தால் வெற்றியும் அந்தப் பருவத்துப் புள்ளிகள் அத்தனையும் போய்விடும். காசைக் கொட்டி யாரும் எஞ்சின் செய்யாமலிருக்க வைத்த விதி. ஆனால் ஒருவரும் கேட்பதில்லை. பக்கத்து இலையில் கை வைப்பதுபோல அது.

ஆகஸ்டில் ஒரு பந்தயம். டுவெய்ன் முதல், மார்லிஸ் இரண்டாவது. மார்லிஸ் நேராக நடுவர் மேடைமுன் காரை நிறுத்தி, இருக்கைக்கடியில் ஒட்டியிருந்த பணத்தைப் பிய்த்தெடுத்தார்.

"வெர்ல், அவன் எஞ்சினைக் கேக்குறேன்."

நடுவர் வெர்லுக்கு முகம் வெளிறியது. "வேணாம் மார்லிஸ். அக்கம்பக்கத்துல முகத்துல முழிக்கணும்."

"முழிச்சுக்குறேன். நீ அவன்கிட்ட கேளு."

"ஏய், உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" டுவெய்ன் கத்தினார். "நாப்பதாயிரத்தை ஆயிரத்துக்கா?"

"நாப்பதாயிரம் போடச் சொல்லி உன்ன யாரு கெஞ்சுனா?"

"எங்க வீட்டுல உக்காந்து கொலாச்சே பன்னு தின்ன வாயிடி அது!"

"தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. உங்கம்மா கைப்பக்குவம். இப்ப விக்கிறியா, இல்லையா?"

பருவத்தின் முதலிடம் டுவெய்ன் கையில் இருந்தது. அதை விட மனமில்லை.

"எடுத்துத் தொலை! கொண்டுபோய்ச் சோளக்கொல்லைல பொம்மையா நிறுத்து!"

மார்லிஸ் பொம்மையாக நிறுத்தவில்லை. அடுத்த வாரம் அதைத் தன் காரில் பூட்டி வென்றார். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கூவினார்: "ஆயிரம்தான்! யாருக்கு வேணும்?" முதலில் கூச்சம். பிறகு பால்வண்டி ஓட்டும் ஒருவர் கேட்டார். அவரிடமிருந்து இன்னொருவர். பருவம் முடிவதற்குள் அந்த எஞ்சின் ஐந்து கொட்டகை பார்த்துவிட்டது. அதன்பின் பெரிய எஞ்சின் வாங்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை. வண்டியை விற்றுப் போனவர்கள் திரும்பினார்கள். பிரிவு பிழைத்தது.

"புதுசா எதுவும் வரக்கூடாதா அப்ப?" என்று கேட்டேன்.

"தாராளமா வரட்டும் தம்பி. அவனவன் கொட்டகையில பொறக்கட்டும். பார்சல்ல வரக்கூடாது."

டுவெய்னும் லாரி எஞ்சினோடு திரும்பி வந்தார். மார்லிஸோடு பேச்சு வார்த்தை இல்லை. ரப்பர்த் துண்டு கேட்டு மட்டும் ஆள் அனுப்பினார். இவர் வெட்டிக் கொடுத்தார்.

மார்லிஸ் இன்றும் அதே தொழிற்சாலையில் வெல்டிங் செய்கிறார். சனிக்கிழமைகளில் கார் ஓட்டுகிறார். சென்ற வாரம் அவர் பிரிவில் இருபத்திரண்டு கார்கள். அவர் இருக்கைக்கடியில் ஆயிரம் டாலர் ஒட்டியே இருக்கிறது.